இதயத்தில் இரைச்சல் என்று வைத்தியர் சொன்னால்

கோப்பாயிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர்கள் வீட்டுப் பொமரேனியன் நாய்க்கு 11 வயது, நிறை 4 கிலோ. இரண்டு மாதமாக இரவிலும் விடியப்புறத்திலும் இருமுகிறது. மிருக வைத்தியரிடம் காட்டியபோது, இதயத்தில் இரைச்சல் கேட்கிறது என்று சொல்லியிருக்கிறார். தண்ணீர்க் குளிசை தொடங்க வேண்டுமா, தொடங்கினால் சாகும்வரை கொடுக்க வேண்டுமா, ஸ்கான் எடுக்கப் பேராதனைக்கோ கொழும்புக்கோ கொண்டுபோகத்தான் வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள். இன்னொன்றும் இருக்கிறது. சென்ற மாதம் அவர்களுடைய 3 வயதுக் கடுவன் பூனை ஒரு நாள் காலையில் பெருங்குரலெடுத்துக் கத்தி, பின்னங்கால்கள் இரண்டையும் இழுத்துக்கொண்டு வந்து, அன்று பின்னேரமே இறந்துவிட்டது. அயலவர்கள் பாம்பு தீண்டியது என்கிறார்கள். இவருக்கு மனம் ஒப்பவில்லை. அந்தப் பூனையுடன் கூடப் பிறந்த பெட்டை இன்னும் வீட்டில் இருக்கிறது.

பூனையைப் பற்றிப் பின்னர் வருகிறேன். நாயின் விடயத்தில் இன்னும் செய்யக்கூடியது நிறைய இருப்பதால் அதை முதலில் சொல்ல வேண்டும்.

இரைச்சல் கேட்டால், இதயத்துக்குள் எங்கோ ஓரிடத்தில் இரத்தம் நேராக ஓடாமல் சுழித்து ஓடுகிறது என்பது மட்டுமே நமக்குத் தெரியவருகிறது. 11 வயதுப் பொமரேனியனில், அதுவும் இடது பக்க நெஞ்சின் அடிப்பகுதியில் அது கேட்டால், பெரும்பாலும் காரணம் இதயத்தின் இடப்பக்க அறைகள் இரண்டுக்கும் இடையிலுள்ள இருகூர் வால்வு தடித்துச் சுருண்டு சரியாக மூடாமல் போவதுதான். நாய்களுக்கு வரும் இதய நோய்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இந்த ஒன்றே. சிறிய இனங்களில், வயது ஏற ஏற, இது மிகச் சாதாரணமாக வருகிறது. வால்வு கசியும்போது, இடது இதயவறை (கீழறை) சுருங்கித் தள்ளும் இரத்தத்தில் ஒரு பகுதி முன்னே பெருநாடிக்குப் போகாமல் பின்னே மேலறையான சோணையறைக்குத் திரும்புகிறது. சோணையறை அதை வாங்கி வாங்கிப் பெருக்கிறது. இந்தப் பெருப்பு ஈடுகொடுக்கும் வரைக்கும் நாய் ஓடியாடித் திரியும். வீட்டாருக்கு ஒன்றும் தெரியாது. ஈடுகொடுக்க முடியாத நிலை வந்ததும் அமுக்கம் நுரையீரல் நாளங்களுக்கு ஏறி, அங்கே நீர் கசிந்து, மூச்சு முட்டத் தொடங்கும். இதயச் செயலிழப்பு என்று நாங்கள் சொல்வது இந்தக் கடைசிப் படியைத்தான். முதற்படிக்கும் கடைசிப் படிக்கும் இடையில் பல ஆண்டுகள் கழியலாம். இரைச்சல் உள்ள நாய்கள் பல கடைசிப் படியை எட்டாமலே, வேறு காரணத்தால், முதுமையில் இறக்கின்றன.

அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவ நிபுணர்களின் அமைப்பு 2009இல் வகுத்து 2019இல் திருத்திய படிநிலைகளை இன்று உலகெங்கும் மிருக வைத்தியர்கள் பின்பற்றுகிறார்கள். இனத்தின் காரணமாக நோய் வரக்கூடும், ஆனால் இன்னும் ஒன்றும் வரவில்லை என்பது ஏ. இரைச்சல் உண்டு, இதயம் குறிப்பிடத்தக்க அளவு பெருக்கவில்லை என்பது பி1. இரைச்சலோடு இதயமும் பெருத்துவிட்டது, ஆனால் நுரையீரலில் நீர் இல்லை என்பது பி2. நீர் ஒரு தடவையாவது சேர்ந்துவிட்டால் சி. வழக்கமான மருந்துக்கு அடங்காவிட்டால் டி. உங்கள் கேள்விகளுக்கெல்லாம் விடை, உங்கள் நாய் இதில் எந்தப் படியில் நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது. பி1க்கு இதய மருந்தே தேவையில்லை. பி2க்கு ஒரே ஒரு மருந்து போதும். தண்ணீர்க் குளிசை என்று நீங்கள் சொல்லும், உடல் நீரைச் சலமாக வெளியேற்றும் ஃபியூரோசமைட் சி படியில்தான் தொடங்கும். இரைச்சல் கேட்டது, இருமல் இருக்கிறது என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு அதைத் தொடங்கினால், நோய் பிந்தி வரப்போவதில்லை. சிறுநீரகம் வீணாக வாடும், நாய் சலம் கழித்துக் கழித்துக் களைக்கும்.

இருமலைப் பற்றி இங்கே கொஞ்சம் நிதானித்துப் பேச வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் தவறுவது இந்த இடத்தில்தான். பொமரேனியனுக்கு வாதனாளியின், அதாவது மூச்சுக்குழாயின், வளையங்கள் தளர்ந்து தட்டையாகும் நோய் மிகவும் பொதுவானது. அந்த இருமல் தாரா கத்துவது போல வறண்டு, உரத்து இருக்கும். கழுத்துப் பட்டியை இழுத்தால், தண்ணீர் குடித்தால், படலையில் ஆள் வந்த சந்தோசத்தில் குரைத்தால் வரும். இன்னொரு வகை இருமல், பெருத்துப்போன சோணையறை அதன் மேலே கிடக்கும் இடது சுவாசக் கிளைக்குழாயை நெரிப்பதால் வருவது; அங்கே இதயம் பெருத்திருந்தாலும் நுரையீரல் காய்ந்துதான் இருக்கும். நுரையீரலில் நீர் சேர்ந்த நாயின் முதன்மையான குறி இருமல் அன்று, விரைந்த மூச்சு. ஆகவே தண்ணீர்க் குளிசை கொடுத்தும் இருமல் நிற்கவில்லை என்று அளவை ஏற்றிக்கொண்டே போவது ஆபத்து. நிற்காத அந்த இருமலுக்குப் பெரும்பாலும் நீர் காரணமாக இருப்பதில்லை. கழுத்துப் பட்டியைக் கழற்றிவிட்டு நெஞ்சோடு கட்டும் வாரைப் பாவித்தால் சில நாய்களின் இருமல் அந்தக் கிழமையே பாதியாகக் குறைவதைக் கண்டிருக்கிறேன்.

அப்படியானால் நீர் சேர்கிறதா என்பதை வீட்டில் எப்படி அறிவது? நாய் நன்றாக உறங்கும்போது அதன் மூச்சை எண்ணுங்கள். நெஞ்சு ஒரு தடவை ஏறி இறங்குவது ஒரு மூச்சு. கைத்தொலைபேசியில் நேரம் பார்த்து முழுமையாக ஒரு நிமிடம் எண்ணுவது நல்லது. நுரையீரல் காய்ந்திருக்கும் நாய் உறக்கத்தில் நிமிடத்துக்கு 30க்குக் குறைவாகவே மூச்சு விடும். பல நாய்களில் அது 15க்கும் 25க்கும் இடையில் நிற்கும். கனவு கண்டு கால் உதறும் நேரத்திலும், வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும் நேரத்திலும் எண்ண வேண்டாம். நம் ஊர் வெக்கையில் பகல் எண்ணிக்கையை நம்ப முடியாது. இரவு பத்து மணிக்குப் பிறகு, காற்றாடிக்குக் கீழே, சீமெந்துத் தரையில் நீட்டிப் படுத்திருக்கும்போது எண்ணுங்கள். ஒரு கிழமை தொடர்ந்து எண்ணிக் கலண்டரில் எழுதினால் உங்கள் நாயின் வழமையான எண் தெரிந்துவிடும். அது 30ஐத் தாண்டினால் அரைமணி கழித்து மீண்டும் எண்ணுங்கள். அப்போதும் தாண்டினால் அடுத்த நாளே வைத்தியரிடம் காட்டுங்கள். 40க்கு மேல் போனால், அல்லது வயிறு உள்வாங்கி முழங்கைகளை அகட்டி நின்றுகொண்டே மூச்செடுத்தால், விடியும்வரை காத்திருக்க வேண்டாம். செலவில்லாத இந்தக் கணக்கு, நான் அறிந்தவரையில், எந்த ஸ்கானுக்கும் பின்னிற்காத கருவி. ஸ்கான் அன்றைய நிலையை மட்டும் காட்டும். இந்தக் கணக்கு ஒவ்வொரு இரவும் உங்கள் கையில் இருக்கும்.

வைத்தியரின் பக்கத்தில், காதுக்குழல் வைத்து இரைச்சலை ஆறு தரங்களில் ஒன்றாகக் குறிப்பார். உங்கள் நாய்க்கு எந்தத் தரம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு தரத்தில் இருக்கும் மெல்லிய இரைச்சலோடு இதயம் பெரிதும் பெருத்திருப்பது அரிது. தாளமும் கவனிக்க வேண்டியது. சுகமான நாயின் இதயம் மூச்சை உள்ளே எடுக்கையில் விரைந்தும் வெளியே விடுகையில் மெதுவாகியும் துடிக்கும். இந்த ஏற்ற இறக்கம் நல்ல அறிகுறி. இதயம் செயலிழக்கும்போது அது மறைந்து, ஒரே சீரான விரைந்த ஓட்டமாகிவிடும். இருமிக்கொண்டு வரும் நாயில் இந்த ஏற்ற இறக்கம் தெளிவாகக் கேட்டால், அந்த இருமல் இதயச் செயலிழப்பால் வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்று பெருமளவுக்கு நம்பலாம்.

அடுத்தது நெஞ்சு எக்ஸ்றே. மனிதருக்கு எடுப்பதைப் போல இதயத்தின் அகலத்தைக் கண்ணால் மதிப்பிடுவதை விட, அதன் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, நான்காவது நெஞ்சு முள்ளந்தண்டென்பிலிருந்து பின்னோக்கி எத்தனை என்பின் நீளம் வருகிறது என்று கூட்டிச் சொல்லும் முறை 1995இல் வெளியானது. பெரும்பாலான நாய்களில் 10.5 வரை வருவதை இயல்பென்று கொள்ளலாம். பொமரேனியன் போன்ற சில இனங்களில் சுகமான இதயமே இதைத் தொட்டுக்கொண்டு நிற்கும் என்பதால், எல்லைக்கோட்டில் உள்ள ஒரு எண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டாம். ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களுக்கிடையிலான வேறுபாடு கூடுதல் உண்மையைச் சொல்லும். எக்ஸ்றேயில்தான் நுரையீரலில் நீர் உண்டா இல்லையா என்பதும், வாதனாளி தட்டையாகியிருக்கிறதா என்பதும் தெரியும். உங்கள் கேள்விக்கு முதலில் வேண்டியது இந்தப் படம்.

ஸ்கான், அதாவது இதயத்தின் எக்கோ, வால்வையும் அறைகளையும் நேரில் காட்டுவது. இடது சோணையறையின் அகலம் பெருநாடியின் அகலத்தைப் போல 1.6 மடங்கு அல்லது அதற்கு மேல் இருக்கிறதா, இடது இதயவறை உடல் நிறைக்கு உரிய அளவைத் தாண்டியிருக்கிறதா என்ற இரண்டும் பி2ஐத் தீர்மானிக்கும். இதை அளப்பதற்குப் பழகிய கை வேண்டும். நாட்டில் மிருக வைத்தியம் கற்பிக்கும் பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. அதன் போதனா வைத்தியசாலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் ஏறத்தாழ 320 கிலோமீற்றர். மூச்சு முட்டும் நாயை அவ்வளவு தூரம் வாகனத்தில் ஏற்றுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். முட்டு இருந்தால் முதலில் இங்கேயே ஒட்சிசன், ஊசி, ஓய்வு. மூச்சு அடங்கிய பிறகு பயணம். முட்டு இல்லாத உங்கள் நாயை, எக்ஸ்றேயில் இதயம் பெருத்துத் தெரிந்தால், குளிரான நேரத்தில் ஒரு தடவை கொண்டுபோய்க் காட்டுவது பயனுள்ளது. எக்ஸ்றேயில் பெருப்பு இல்லையென்றால் ஆறு மாதம் பொறுக்கலாம். ஸ்கான் எடுக்கவே முடியாத வீட்டுக்கும் வழி உண்டு: இரைச்சல் மூன்றாம் தரம் அல்லது அதற்கு மேல், எக்ஸ்றே அளவு 11.5 அல்லது அதற்கு மேல் என்று இரண்டும் சேர்ந்து வந்தால், பி2 என்று கொண்டு மருந்தைத் தொடங்குவதை மேற்சொன்ன வழிகாட்டியே ஏற்கிறது.

இரத்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலால் இரத்தம் வற்றிய நாய்களிலும் இரைச்சல் கேட்கும். இரத்தம் நீர்த்துப் போனதால் வரும் அந்த இரைச்சல், காய்ச்சலுக்கு மருந்து செய்து இரத்தம் ஊறியதும் போய்விடும். இன்னொரு குழப்பம் நுண்புழு. கண்ணாடித் தகட்டில் ஒரு துளி இரத்தத்தை வைத்துப் பார்த்து நுண்புழு நெளிகிறது என்றதும் இதயப் புழு என்று வீட்டாரைப் பயப்படுத்துவதுண்டு. இலங்கை நாய்களில் நாம் வழமையாகக் காண்பது டைரோஃபிலேரியா ரெப்பென்ஸ் என்ற இனம். அதன் வளர்ந்த புழு தோலுக்குக் கீழே வாழ்வது, இதயத்தில் அன்று. இதயத்தில் வாழும் டைரோஃபிலேரியா இமிட்டிஸ் வேறு இனம். பெயரை உறுதிசெய்யாமல் இதய நோயைப் புழுவின் தலையில் போட்டுவிட்டால், உண்மையான காரணம் தேடப்படாமலே போகும்.

இனி மருந்து. பி2 படிக்கு உரியது பிமோபெண்டான். இதயத்தசை கூடுதல் பலத்தோடு சுருங்கவும், நாடி நாளங்கள் தளரவும் இது உதவுகிறது. 360 நாய்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2016இல் வெளியான எபிக் என்ற ஆய்வில், இந்தக் குளிசை பெற்ற நாய்கள் இதயச் செயலிழப்போ இதயத்தால் மரணமோ இல்லாமல் இருந்த இடைநிலைக் காலம் (பாதி நாய்கள் தாண்டிய காலம்) 1228 நாட்கள். மருந்தில்லாத வெறுங் குளிசை பெற்றவற்றுக்கு 766 நாட்கள். ஏறக்குறைய 15 மாதங்கள் கூடக் கிடைத்திருக்கின்றன. 11 வயது நாய்க்கு 15 மாதம் என்பது சிறிய காலம் இல்லை. கிலோவுக்கு ஏறத்தாழ கால் மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னர் வெறும் வயிற்றில் கொடுப்பது வழமை. இது விலங்குகளுக்கென்று வரும் குளிசை. சந்தியில் இருக்கும் பாமசியில் எதிர்பார்க்க வேண்டாம். கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் உறவினர் வாங்கி அனுப்புவதாயிருந்தால், குளிசையின் பலம் 1.25 மில்லிகிராமா 5 மில்லிகிராமா என்பதை மேலுறையில் பார்த்து வைத்தியரிடம் காட்டிய பிறகே தொடங்குங்கள். நிறத்திலும் வடிவத்திலும் ஒத்திருப்பதை நம்பி நான்கு மடங்கு கொடுத்துவிடக் கூடாது.

சி படி வந்தபிறகு நான்கு மருந்துகள் சேர்ந்து நடக்கும்: ஃபியூரோசமைட், பிமோபெண்டான், எனலாப்ரில் அல்லது பெனசெப்ரில், ஸ்பைரோனோலக்டோன். ஃபியூரோசமைட்டின் தொடக்க அளவு கிலோவுக்கு 2 மில்லிகிராம் அளவில், நாளுக்கு இரண்டு வேளை. 4 கிலோ நாய்க்கு அது 8 மில்லிகிராம். மனிதருக்கான 40 மில்லிகிராம் குளிசையில் கால் குளிசையை விடச் சற்றுக் குறைவு. அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த குளிசை வீட்டில் இருக்கிறது என்று முழுதாக ஒன்றைக் கொடுப்பவர்கள் இருப்பதனால்தான் இந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன். தொடங்கி ஒன்றிரண்டு கிழமைக்குள் இரத்தத்தில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினினும், பொட்டாசியமும் பார்க்க வேண்டும். இந்த மருந்து பெறும் நாய் நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறையச் சலம் கழிக்கும். வீட்டுக்குள் நனைக்கிறது என்று தண்ணீர்ச் சட்டியை எடுத்துவைத்தால் சிறுநீரகம் ஓரிரு நாளிலேயே பழுதாகலாம். சி படியில் தொடங்கிய மருந்து வாழ்நாள் முழுவதற்கும்தான். குறைப்பதும் கூட்டுவதும் உறக்க மூச்சின் எண்ணைப் பார்த்து வைத்தியர் செய்வது. கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறோம், பக்கத்து வீட்டில் சோறு மட்டும் வைக்கச் சொல்லியிருக்கிறோம் என்று மூன்று நாள் விட்ட ஒரு நாய், நான்காம் நாள் இரவு என் மேசையில் மூக்கால் நுரை தள்ளியபடி கிடந்ததை நான் மறக்கவில்லை. அது பிழைத்தது. எல்லாம் பிழைப்பதில்லை.

2008இல் வெளியான இன்னொரு ஆய்வில், செயலிழப்புக்கு வந்த நாய்கள் பிமோபெண்டானோடு இடைநிலையாக 267 நாட்களும், அதற்குப் பதிலாக பெனசெப்ரில் பெற்றவை 140 நாட்களும் தாக்குப்பிடித்தன. இந்த எண்களை ஒளிக்காமல் சொல்வது என் கடமை என்று கருதுகிறேன். மருந்து நோயை மாற்றாது. ஆனால் அந்த ஒன்பது மாதங்களில் நாய் தின்று, உறங்கி, படலையடிக்கு வந்து வாலாட்டி வாழும். அதற்காகச் செலவு செய்வது பயனுள்ளதா என்பதை ஒவ்வொரு வீடும் தன் கையிருப்பைப் பார்த்துத் தீர்மானிக்கலாம், யாரும் அதில் குற்றம் காண முடியாது. மருந்துச் செலவு தாங்காது என்றால், சி படியில் ஃபியூரோசமைட்டையும் பிமோபெண்டானையும் விட்டுவிடாமல் மற்றவற்றை விடுவதே என் ஆலோசனை.

பெரிய நாய்களின் கதை வேறு. டோபர்மனில் இதயத்தசை மெலிந்து அறைகள் விரிவதும், தாளம் தவறித் திடீரென விழுந்து இறப்பதும் உண்டு; இரைச்சல் பெரிதாகக் கேட்காது, 24 மணித்தியால ஈசிஜி வேண்டியிருக்கும். வயதான பெரிய நாய் திடீரெனச் சோர்ந்து, வயிறு ஊதி, இதய ஒலி தூரத்தில் கேட்பது போல மங்கியிருந்தால், இதயத்தைச் சுற்றிய சவ்வுக்குள் நீரோ இரத்தமோ நிறைந்திருக்கலாம். அங்கே தண்ணீர்க் குளிசை கொடுத்தால் நிலை மோசமாகும். ஊசியால் வடித்தெடுப்பதுதான் வைத்தியம். குட்டியிலேயே இடைவிடாமல் இயந்திரம் ஓடுவது போன்ற இரைச்சல் கேட்டால், பிறந்ததும் மூடியிருக்க வேண்டிய நாடி மூடாமல் இருக்கிறது என்று பொருள். காலத்தோடு அடைத்துவிட்டால் முழுச் சுகம் கிடைக்கும் மிகச் சில இதய நோய்களுள் அது ஒன்று.

இப்போது உங்கள் பூனை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்க்கும்போது, பாம்பை விட இதயமே காரணம் என்று எண்ணுகிறேன். பூனைகளுக்கு அதிகம் வருவது இதயத்தசை தடிக்கும் நோய். இடது இதயவறையின் சுவர் தடித்து விறைத்து, இரத்தத்தை வாங்க இடமில்லாமல் போக, பின்னாலுள்ள சோணையறை பெருத்து, அதற்குள் இரத்தம் தேங்கி உறைகிறது. உறைந்த கட்டி ஒரு நாள் கழன்று பெருநாடி வழியே ஓடி, பின்னங்கால்களுக்குப் பிரியும் கவட்டில் அடைத்துக்கொள்கிறது. அந்த நோவு மிகக் கொடியது. அதனால்தான் பூனை அப்படிக் கத்துகிறது. கால் குளிர்ந்து, தொடை நாடி படாமல், உள்ளங்கால் மெத்தை வெளிறியோ நீலம் பாரித்தோ இருக்கும். கெண்டைத்தசை கல்லுப் போல இறுகும். நரம்பைத் தாக்கும் பாம்பு நஞ்சில் கால் சூடாகவே இருக்கும், நாடி படும், தளர்ச்சி ஒரு காலோடு நிற்காமல் உடல் முழுவதும் பரவும், இவ்வாறான கத்தலும் இருக்காது. உங்கள் பூனையின் கால்கள் தொடுவதற்குக் குளிர்ந்திருந்தன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

முன்பே கண்டுபிடித்திருக்கலாமா என்று உங்களை நீங்களே நோக வேண்டாம். பிரித்தானியாவில் வெளிக்குச் சுகமாகத் தெரிந்த 780 அடைக்கலப் பூனைகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டபோது, ஏறத்தாழ 15 வீதத்துக்கு இந்த நோய் இருந்தது; இரைச்சலோ 40 வீதத்துக்கு மேற்பட்டவற்றில் கேட்டது. அதாவது இரைச்சல் உள்ள பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு நோய் இல்லை. நோயுள்ள பூனையில் இரைச்சல் கேட்காமலும் இருக்கலாம். மேன் கூன், ராக்டோல் இனங்களில் மரபணுப் பிழை கண்டறியப்பட்டிருந்தாலும் நோய் அவற்றோடு நிற்பதில்லை. சாதாரண ஊர்ப் பூனைக்கும் வருகிறது. பூனை இதயத்துக்காக இருமுவதும் மிக அரிது. இருமும் பூனைக்குத் தொய்வு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். இதயம் தளர்ந்த பூனை பேசாமல் ஒரு மூலையில் ஒடுங்கி, குனிந்து உட்கார்ந்து, விரைவாக மூச்செடுக்கும். வாயைத் திறந்து மூச்செடுக்கும் பூனை எப்போதும் அவசர நோயாளி. அதைப் பிடித்து மல்லாத்தி எக்ஸ்றே எடுக்க முயன்றால் மேசையிலேயே இறந்துவிடும். இருட்டான பெட்டியில் ஒட்சிசன் விட்டு அமைதிப்படுத்துவதும், நெஞ்சறையில் நீர் நிறைந்திருந்தால் ஊசியால் வடிப்பதும்தான் முதல் வேலை. நீண்டகாலம் வேலை செய்யும் ஸ்டீரோயிட் ஊசி, மறைந்திருந்த இந்த நோயைச் சில பூனைகளில் செயலிழப்பாக வெளிக்கொண்டு வரும் என்பதால், தோல் சொறிக்கு அதைப் போடுமுன் உறக்க மூச்சை எண்ணிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பரசிற்றமோல் பூனைக்கு நஞ்சு. நோவென்று பார்த்து ஒரு துண்டும் கொடுக்க வேண்டாம்.

கட்டி அடைத்த பூனைகளில், ஒரு காலில் மட்டும் அடைத்து உடற்சூடு குறையாமல் வந்தவை சில மீண்டு நடக்கின்றன. இரு கால்களும் போய், உடல் குளிர்ந்து, முட்டும் சேர்ந்து வந்தால், நோவைக் குறைத்து அமைதியாக விடைகொடுப்பதே பல வேளைகளில் அதற்குச் செய்யும் நன்மை. ஒரு தடவை தப்பிய பூனைக்கு மறுபடி வராமல் தடுக்க குளோபிடோகிரெல் கொடுக்கிறோம். 2015இல் வெளியான ஒப்பீட்டில் அடுத்த அடைப்பு வரும்வரை சென்ற இடைநிலைக் காலம் இதனோடு 443 நாட்களும் அஸ்பிரினோடு 192 நாட்களுமாக இருந்தது. 75 மில்லிகிராம் குளிசையில் கால் பங்குதான் ஒரு பூனைக்கு ஒரு நாள் அளவு. கடுங்கசப்பு, வெறுங் கப்சூலுக்குள் இட்டுக் கொடுக்காவிட்டால் நுரை தள்ளித் துப்பிவிடும்.

சாப்பாட்டைப் பற்றி இரண்டு விடயம். பூனையின் உடல் டோரின் என்ற சத்தைத் தேவைக்குப் போதியளவு தானே ஆக்காது. அது குறைந்தால் இதயத்தசை மெலியும் என்பது 1987இல் தெரியவந்தது. சேர்த்துக் கொடுத்தால் அந்த இதயம் மீளும் என்பதும் அப்போதே தெரிந்தது. சோறே பெரும்பங்காக, மேலே கொஞ்சம் குழம்பு என்று வளரும் பூனைக்கும், நாய்த்தீனி தின்று வளரும் பூனைக்கும் இந்தக் குறை வரலாம். சூடை மீனை உப்பில்லாமல் அவித்து, அவித்த தண்ணீரையும் ஊற்றாமல் சோற்றோடு பிசைந்து கொடுங்கள். டோரின் அந்தத் தண்ணீருக்குள்தான் இறங்கியிருக்கும். நாயின் விடயத்தில், கருவாடும் கறிச்சட்டி வழித்த சோறும் நிறுத்த வேண்டியவை. கிணறு உவராக இருக்கும் இடங்களில் நீங்கள் குடிக்கும் நல்ல தண்ணீரையே அதற்கும் வையுங்கள். அதற்காக உப்பே இல்லாத, நாய் முகர்ந்துவிட்டுப் போகும் சாப்பாட்டைக் கொடுத்து மெலியவைப்பது அதைவிடத் தீங்கு. இதய நோயில் தசை கரைந்த நாய் விரைவில் இறக்கிறது. கோழியிறைச்சி, முட்டை என்று விரும்பித் தின்பதைக் கொடுங்கள். காண்டாவன வெயில் நாட்களில் காலை ஆறு மணிக்கு முன்னர் மட்டும் நடக்கவிடுங்கள்.

ஆகவே இந்தக் கிழமை நீங்கள் செய்ய வேண்டியது: கழுத்துப் பட்டியைக் கழற்றுங்கள், ஏழு இரவு மூச்சை எண்ணி எழுதுங்கள், நெஞ்சு எக்ஸ்றேயும் இரத்தப் பரிசோதனையும் எடுங்கள், அந்தத் தாளோடு உங்கள் வைத்தியரிடமே திரும்பப் போங்கள். எண் 30க்குக் கீழே நின்றால் தண்ணீர்க் குளிசை இப்போது வேண்டாம்.

பெட்டைப் பூனையையும் மறக்காதீர்கள். இந்த நோய் ஒரு வயிற்றுக் குட்டிகளில் சேர்ந்து வரக்கூடியது. அதன் உறக்க மூச்சையும் அதே கலண்டரில் எழுதுங்கள். பேராதனைக்கு நாயைக் கொண்டுபோகும் நாள் வந்தால், இதையும் ஒரு கூடையில் வைத்து, மேலே துணி போர்த்தி, கூடவே கொண்டுபோய் ஸ்கான் எடுங்கள். அதற்கு முன் கருத்தடை செய்வதாக இருந்தால், கூடப் பிறந்தது எப்படி இறந்தது என்பதை மயக்க மருந்து கொடுக்குமுன் வைத்தியரிடம் சொல்லுங்கள். இதயத்தை விரைவாக்கும் கெற்றமின் போன்றவற்றைத் தவிர்த்து வேறு மருந்தைத் தெரிய அவருக்கு அது உதவும்.